புரை பழுக்கட்டும் என்றார்கள்

எங்கள் கரிசல் கிராமத்தில் (அப்போது ராமநாதபுரம் மாவட்டம், இப்போது விருதுநகர்) வயதானவர்களுக்குப் பார்வை மங்கினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "புரை விழுந்திருக்கு, பழுக்கட்டும்." டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. அன்றைய ஆபரேஷனில் கண்ணின் வில்லையை உறையோடு முழுதாக எடுத்துவிடுவார்கள். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அதைப் போட்டால் வாசற்படி பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும், காலை வைத்தால் தூரத்தில் இருக்கும். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடு. அதனால் கொஞ்சமாவது தெரிகிற கண்ணில் கத்தி வைக்க யாரும் துணியவில்லை.

என் அம்மாவும் காத்திருந்தாள். ஆனால் அவளுக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதைவிட, பக்கவாட்டில் எதுவுமே தெரியாததுதான் சங்கடம். நேரே இருக்கும் ஊசியில் நூல் கோத்துவிடுவாள். பக்கத்தில் இருக்கும் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வாள். "கவனமில்லாம நடக்கிறியே" என்று நானே கடிந்திருக்கிறேன். டவுனில் ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புரைதான், பழுக்கட்டும் என்றார். ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

1976ஆம் ஆண்டை நம் பக்கத்துக் கண்களின் ஆண்டு என்றே நான் சொல்வேன். மத்திய அரசு தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தது அந்த வருஷம். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே வருஷம். எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்துக்காரர். இளவயதில் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கண் ஆபரேஷன் பழகியவர். ரிடையர் ஆனதும் ஈசிசேர் தேடும் நம்மைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

ஆரம்ப கால முகாம்களில் பள்ளிக்கூடத்திலும் சத்திரத்திலுமே ஆபரேஷன் நடக்கும். பின்னால் முறை மாறியது. ஊரில் பரிசோதனை மட்டும். தேவைப்பட்டவர்களை பஸ்ஸில் மதுரைக்கே அழைத்துப்போய் சிகிச்சை செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். என் கணக்கில் இந்தப் பஸ்தான் பெரிய கண்டுபிடிப்பு. ஆபரேஷன் இலவசம் என்றாலும் பஸ் காசுக்கும், துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலிக்கும் பயந்து வீட்டிலேயே கிடந்தவர்கள் எத்தனையோ பேர்.

1981இல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு முகாமிலிருந்து அப்படிப் பஸ் ஏறினாள் அம்மா. மதுரையில் அவளைப் படுக்கவைத்து, கண்ணில் மரப்பு மருந்து விட்டு, சின்னக் கருவி ஒன்றைக் கருவிழிமேல் நிறுத்தி அழுத்தம் பார்த்தார்கள். நார்வே நாட்டு ஷியோட்ஸ் 1905இல் உருவாக்கிய கருவியின் வகை அது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். வலது கண்ணில் நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். புரை லேசாகத்தான் இருந்ததாம். பார்வையைத் தின்றது கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய். புரையில் போன பார்வையை ஆபரேஷன் மீட்டுத்தரும். இதில் போனது போனதுதான். இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சாகும்வரை அந்தக் கண்ணால்தான் பேரப்பிள்ளைகளைப் பார்த்தாள்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையின் மூலம் 1819 வரை போகிறது. அங்கே தலைமை வகித்த எலியட் என்ற வெள்ளைக்கார டாக்டர், இதே கிளாக்கோமாவுக்காக வெள்ளை விழியில் சிறு துளை போட்டு நீரை வடிக்கும் முறையை 1909 வாக்கில் செய்து உலகப் புகழ் பெற்றார். மெட்ராஸிலிருந்து உலகத்துக்குப் போன வைத்தியம், எழுபது வருஷமாகியும் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை.

புரை சமாச்சாரம் இப்போது தலைகீழ். 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி பொருத்திய செயற்கை வில்லையை, 1992இல் தொடங்கிய ஆரோலேப் மதுரையிலேயே மலிவாகச் செய்ய ஆரம்பித்தது. பழுக்கக் காத்திருக்கும் வேலையே இல்லை. கிளாக்கோமாவும் சர்க்கரை நோயால் வரும் விழித்திரைக் கோளாறும் அப்படியல்ல. இரண்டும் ஆரம்பத்தில் வலிக்காது, உறுத்தாது. அழுத்தம் பார்த்து, பாப்பாவை விரித்து உள்ளே பார்த்தால்தான் தெரியும். கிளாக்கோமா பெற்றவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். நான் வருஷம் தவறாமல் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி மட்டும் பிடிகொடுக்கவில்லை. போன வாரம்கூட, "பேப்பர் நல்லாப் படிக்கிறேன் அண்ணே, எனக்கு எதுக்கு?" என்றான். "அம்மா ஊசியில நூல் கோத்தாளேடா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, எந்த பஸ்ஸில் போகலாம் என்று கேட்டான்.