இதய நடுக்கமும் விலங்குகளின் சாட்சியும்

அந்தமானில் குடியேறி வாழும் நம் தமிழன்பர்கள் கடலோரக் காட்டரளி மரத்தைக் கண்டிருப்பர். அதன் விதையிலுள்ள செர்பெரின் என்னும் நஞ்சு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்து உயிரையே போக்கவல்லது. அத்தகைய குலைவை மனிதரிடம் உண்டாக்கிப் பார்த்தல் தகாது. ஆகவே விலங்குகளே அறிஞர்க்குச் சாட்சிகளாயின. எச்சாட்சியை நம்புவது என்பதே நாம் இங்குக் கூறப்போகும் வரலாறு.

1850-இல் ஜெர்மனியில் ஹோஃபாவும் லுட்விக்கும், மின்சாரம் பாய்ந்த விலங்கிதயம் முறையாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கக் கண்டனர். மனிதரின் திடீர் மரணத்திற்கும் இந்நடுக்கம் காரணமாகலாமென்று 1889-இல் அபர்தீன் நகரத்து மெக்வில்லியம் எடுத்துரைத்தார்.

சிற்றுயிர்களின் இதயம் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். நாயின் இதயமோ அவ்வாறு தெளிவது அரிது. காரணம் யாது? 1914-இல் கேரி என்பார் நடுங்கும் இதயத்தைத் துண்டு துண்டாக அரிந்தார். துண்டு மிகச் சிறுத்ததும் நடுக்கம் நின்றது. நடுக்கம் நிலைபெற ஓரளவு பெருந்தசை வேண்டுமென்பது புலனாயிற்று.

எலியை மட்டும் நம்பியிருந்தால், நோய் தானே தீருமென்று வாளாவிருந்திருப்போம். நாயின் சாட்சியே வழிகாட்டிற்று. 1899-இலேயே ஜெனீவாவில் பிரெவோவும் பத்தெல்லியும் வலிய மின்னதிர்ச்சியால் நாயின் இதய நடுக்கத்தை நிறுத்திக் காட்டினர். 1947-இல் அமெரிக்க மருத்துவர் கிளாட் பெக், அவ்வழியில் 14 வயதுச் சிறுவனின் உயிரை மீட்டார்.

சுண்டெலியின் இதயம் நிமிடத்திற்கு 500 முறைக்கு மேல் துடிக்கும். நம்முடையது ஏறக்குறைய 70 முறையே. எனினும் மரபணுக் குறைகளை ஆராயச் சுண்டெலியும், மருந்துகளின் தீங்கை அறிய முயலும், மாரடைப்பின் விளைவைக் காணப் பன்றியும் இன்று உதவுகின்றன. எந்த விலங்கும் முழு மனிதனன்று. ஒரே சாட்சியைக் கொண்டு தீர்ப்பெழுதலாகாது.