அட்டையில் இல்லாத பெயர்

1900ஆம் ஆண்டு வெளிவந்த 'பள்ளிக்கூடத்தில் க்ளோதீன்' என்ற நாவல் பாரிஸையே கலக்கியது. கிராமத்துப் பள்ளி மாணவி ஒருத்தி துடுக்கும் குறும்புமாகத் தன் கதையைத் தானே சொல்கிறாள். க்ளோதீன் காலர், க்ளோதீன் சோப்பு என்று கடைகளெங்கும் அவள் பெயர்தான். அட்டையில் ஆசிரியர் பெயர் வில்லி. எழுதியவரோ வில்லியின் மனைவி கொலெத்.

பர்கண்டிப் பகுதியில் ஒரு சிற்றூரில் 1873இல் பிறந்தவர் சிதோனி காப்ரியேல் கொலெத். இருபது வயதில், தன்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த வில்லியை மணந்து பாரிஸ் வந்தார். பிறரை எழுதவைத்துத் தன் பெயரில் வெளியிடுவது வில்லிக்குப் பழகிய தொழில். மனைவியும் அந்த வரிசையில் சேர்ந்தார். நாள்தோறும் அறையில் வைத்துப் பூட்டி எழுதவைத்தார் என்று கொலெத்தே பிற்பாடு எழுதியிருக்கிறார். நான்கு க்ளோதீன் நாவல்கள் அப்படித்தான் வந்தன. 1906இல் இருவரும் பிரிந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நாவல்களின் உரிமையை, எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார் வில்லி. இதைத் திருட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கையில் காசில்லாத கொலெத் நாடக மேடை ஏறினார். ஊர் ஊராகச் சுற்றி ஊமை நாடகங்களில் நடித்தார். அந்த அலைச்சலும் களைப்பும்தான் 1910இல் 'நாடோடி' என்ற நாவலாயின. தனித்து வாழும் நடிகையிடம் ஒருவன் காதலோடு வருகிறான். அவள் அவனை வேண்டாம் என்று விலக்கிவிட்டுத் தன் வேலைக்கே திரும்புகிறாள். அன்றைய கதாநாயகிகள் எளிதில் எடுத்த முடிவல்ல அது.

அதன் பிறகும் நெடுநாள் அவர் புத்தகங்கள் 'கொலெத் வில்லி' என்ற பெயரில்தான் வந்தன. 1923இல்தான் வெறும் 'கொலெத்' ஆனார். அது அவருடைய தந்தையின் குடும்பப் பெயர். போரில் ஒரு காலை இழந்த ராணுவ கேப்டன் அவர். எழுத்தாளராக ஆசைப்பட்டவர். அலமாரியின் மேல்தட்டில் தலைப்புகளோடு பைண்டு செய்த புத்தகங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அவர் இறந்த பின் குடும்பத்தார் பிரித்துப் பார்த்தார்கள். மனைவிக்கான சமர்ப்பணத்தைத் தவிர எல்லாம் வெற்றுத்தாள். 'சிதோ' நூலில் இதைக் கொலெத் சொல்லும் இடம் நெஞ்சைப் பிசையும்.

ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்தபோது யூதரான மூன்றாவது கணவர் கைதாகி, சில வாரங்களில் மீண்டார். அதே காலத்தில் ஆக்கிரமிப்பாளர்களுக்கு ஆதரவான பத்திரிகைகளிலும் கொலெத் எழுதினார். அவர்மீது எவ்வளவு அன்பிருந்தாலும் அதை மறைப்பது நியாயமாகாது.

1949இல் புகழ்பெற்ற கோன்கூர் அகாதெமிக்குத் தலைவரானார். 1954 ஆகஸ்ட் 3 அன்று இறந்தபோது, மணவிலக்குகளைக் காரணம் காட்டித் திருச்சபை இறுதிச் சடங்கு செய்ய மறுத்தது. அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது குடியரசு. பிரான்சில் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் பெண் அவர்.

கொலெத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் க்ளோதீனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் 'சிதோ'வை எடுங்கள்.