நனையாத துணி

துணியின் சுபாவம் தண்ணீரைக் குடிப்பது. அதனால்தான் குளித்து முடித்ததும் துண்டைத் தேடுகிறோம். வாழை இலையில் தண்ணீர் வழியும், தாமரை இலையில் உருளும், துணியிலோ ஊறும். அப்படிப்பட்ட துணியைப் பார்த்து, 'நீ நனையாமல் இரு. உன் கீழே நான் படுத்துத் தூங்கவேண்டும்' என்று கேட்டான் மனிதன். வேடிக்கையான வேண்டுகோள்தான். ஆனால் அவனுக்கு வேறு வழியில்லை. ஓரிடத்தில் நிலைத்து வாழ்கிறவன் ஓடு வேய்ந்துகொள்வான். ஆடு மேய்ப்பவனும் போருக்குப் போகும் சிப்பாயும் வீட்டைச் சுருட்டிக்கொண்டு நடக்க வேண்டியவர்கள். அவர்களுக்குத் துணியே சுவர், துணியே கூரை.

இதற்கு மனிதன் கண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, அரபுப் பாலைவனத்தில் அலைந்து வாழ்ந்த பெதூயின் மக்கள் கண்ட வழி. அவர்களுடைய கறுப்புக் கூடாரம் வெள்ளாட்டு மயிரால் நெய்தது. வெயில் நாளில் இழைகளுக்கு நடுவே காற்று நுழையும். வெளிச்சம்கூடப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். மழை பெய்தால் அதே இழைகள் நீர் பட்டு உப்பி, இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். நெய்வதும் தைப்பதும் பெண்களின் பொறுப்பு. மழையும் வெயிலும் அதிகமாகத் தாக்குகிற உச்சியில் புதிதாக நெய்த பட்டையை வைத்துத் தைப்பார்கள். அங்கே இருந்த பழைய பட்டை ஓரத்துக்கு நகரும். ஓரத்தில் நைந்து போனது கழிந்துவிடும். பாட்டி காலத்துக் கூடாரம் பேத்தி காலத்திலும் நிற்கும். பாட்டி நெய்த இழை மட்டும் அதில் இராது.

கடலோடிகள் வேறொரு வழியைப் பிடித்தார்கள். கித்தானில் தாரைப் பூசினார்கள். ஆங்கிலேய மாலுமிகளின் உடுப்பிலும் கையிலும் தார் ஒட்டியே இருந்ததால், அவர்களுக்கே 'தார்' என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. 'டார்ப்பாலின்' என்ற அவர்களுடைய சொல் நம் நாட்டுக்கு வந்து தார்ப்பாய் ஆயிற்று. தாரும் பாயும் நம் வாயில் எவ்வளவு பொருத்தமாகச் சேர்ந்துகொண்டன, பாருங்கள்! தாரைத் தவிர ஆளிவிதை எண்ணெயும் உண்டு. அது காய்ந்தால் தோல் போலப் படியும். ஆனால் நாளடைவில் வெடிக்கும். எண்ணெய் தோய்ந்த கந்தலைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.

பிறகு ரப்பரின் காலம் வந்தது. கிளாஸ்கோ நகரத்து ரசாயனத் தொழிலதிபர் சார்லஸ் மாக்கின்டாஷ், கரித்தாரிலிருந்து வடித்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்தார். இரண்டு துணிகளுக்கு நடுவே அதைத் தடவி ஒட்டி, 1823-ல் உரிமைப் பட்டயம் பெற்றார். துணி ஒரு சொட்டு நீரையும் விடவில்லை. ஆனால் கோட்டு தைக்கப் போனபோது தையற்காரரின் ஊசி அதில் வரிசையாக ஓட்டை போட்டது! மழை அந்தத் தையல் வழியாக உள்ளே வந்தது. இது மட்டுமா? பனிக்காலத்தில் கோட்டு பலகைபோல் விறைத்தது; கோடையில் பிசுபிசுத்து நாறியது.

இந்தப் பிசுபிசுப்பை ஒழிக்கிறேன் என்று புறப்பட்டவர் அமெரிக்காவில் இருந்த சார்லஸ் குட்இயர். கடனுக்காகச் சிறை சென்றவர் அவர். அரசாங்கத்துக்கு அவர் செய்து கொடுத்த ரப்பர் தபால் பைகள் கோடை வெப்பத்தில் உருகிக் கெட்டுப் போயின. ஆனாலும் மனிதர் விடவில்லை. 1839-ல், கந்தகம் கலந்த ரப்பர் கொதிக்கும் அடுப்பில் பட்டபோது, அது உருகாமல் தோல்போல் கெட்டிப்பட்டதைக் கண்டார். 1844-ல் உரிமைப் பட்டயமும் கிடைத்தது. பணம் மட்டும் கிடைக்கவில்லை. 1860-ல் கடன்காரராகவே கண்ணை மூடினார். அவர் பெயரைத் தாங்கிய டயர் கம்பெனி 1898-ல்தான் தோன்றியது. அதற்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இவையெல்லாம் பணத்தோடும் சிரமத்தோடும் போன கதைகள். உயிரோடு விளையாடிய கதை ஒன்று உண்டு. சர்க்கஸ் கூடாரம் போன்ற பெரிய கித்தான்களுக்குப் பாரபின் மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசுகிற வழக்கம் இருந்தது. 1944-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி பிற்பகல், அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் ரிங்லிங் சகோதரர்கள் சர்க்கஸ். சுமார் 7,000 பேர் கூடியிருந்தார்கள். யுத்த காலம், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஓர் ஓரத்தில் தீப்பொறி கிளம்பியது. மழையைத் தடுக்கப் பூசிய மெழுகே தீக்கு விருந்தாயிற்று. உருகிய மெழுகு நெருப்பு மழையாகத் தலைமேல் சொட்டியது. பத்தே நிமிஷத்தில் கூடாரம் இல்லை. 160-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். எம்மெட் கெல்லி என்ற கோமாளி, சிரிக்க வைக்கும் வேஷத்தோடு, கையில் தண்ணீர் வாளியுடன் ஓடுகிற புகைப்படம் இன்றும் இருக்கிறது. தண்ணீர் வரக்கூடாது என்று மெழுகு பூசிய கூடாரம். அதற்கு ஒரு வாளித் தண்ணீர்!

இன்றைய கூடாரத்துக்கு வருவோம். நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி. உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற மெல்லிய பூச்சு. கடையில் வாங்கும்போது இனி மழைக்கு அஞ்ச வேண்டாம் என்றே தோன்றும். மலையேறும் பித்துக் கொண்ட என் நண்பர் ஒருவர் தம் கூடாரத்தைப் பரணில் மடித்து வைத்திருந்தார். சில வருஷம் கழித்துப் பிரித்தால் ஒரே புளித்த நாற்றம். உள்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. வெளியே பெய்த மழை செய்ததல்ல அது. ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பூச்சை மூலக்கூறு மூலக்கூறாக அறுத்துவிடுகின்றன. நம் ஊர்ப் பரணில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

புதுப்பிக்கும் வழி கடினமல்ல. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு பஞ்சால் கழுவ வேண்டும். உதிரும் பழைய பூச்சை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். காய்ந்தபின் உள்பக்கம் பாலியூரித்தேன் திரவத்தை மெல்லிசாகத் தூரிகையால் தடவவேண்டும். சிலிகான் பூசிய துணியானால் சிலிகான் திரவம்தான் பிடிக்கும், மற்றது ஒட்டாது. வெளிப்பக்கத்துக்குத் தெளிப்பு மருந்து தனியாக உண்டு. தையல்களை மறக்கவே கூடாது. மாக்கின்டாஷின் தலைவலி இருநூறு ஆண்டுகளாகியும் தீரவில்லை. எல்லாம் நன்றாக உலர்ந்தபின்தான் மடிக்கவேண்டும்.

நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதைச் செய்தார். 'இனி எத்தனை வருஷம் தாங்கும்?' என்று கேட்டார். அவருக்கு நான் பெதூயின் பெண்களைப் பற்றிச் சொன்னேன். தாரும் ரப்பரும் மெழுகும் கண்டவர்கள் ஒரு முறை பூசிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார்கள். அந்தப் பெண்கள் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு பட்டையும் ஒரு நாள் நைந்துபோகும் என்று தெரிந்தே, அடுத்த பட்டையை நெய்துகொண்டிருந்தார்கள்.