கிணற்றை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்?



தலைப்பு, 'ஏற்றுமதி நமக்கு வளமா, வலையா?' நான் வலைதான் என்கிற கட்சி. எதிரணி நண்பர் தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் வந்த ஏற்றுமதி வளாகத்தைக் காட்டி, "எத்தனை வீட்டுல அடுப்பெரியுது பாருங்க"ன்னு பெருமைப்பட்டார். எரியுது ஐயா, மறுக்கலை. ஆனா சானடோரியத்துல மின்சார ரயில் ஏறி பீச் பக்கம் போனா அடுத்த ஸ்டேஷன் எது? குரோம்பேட்டை! அது என்ன, சாமி பேரா, ஜமீன்தார் பேரா? குரோமிய உப்பு! (சிரிப்பு) அந்த உப்பால் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனி கொடுத்த பேர். சென்னைத் தோல் வெள்ளைக்காரன் காலத்திலேயே கப்பலேறிய சரக்கு.

அரைப்பதத்தில் தோலை அனுப்பினால் லாபமெல்லாம் அங்கே போகுதுன்னு, 1973-ல் மத்திய அரசு அதுக்குக் கட்டுப்பாடு போட்டது. முழுசா பதனிட்டு, ஷூவா தைச்சு அனுப்புங்கன்னுது. நல்ல யோசனைதான். ஆனா முழுப்பதம்னா சாயம், ரசாயனம், கழிவுத் தண்ணி எல்லாம் இங்கேதானே?

1989 கடைசியில் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. தோலில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கப் போடுகிற மருந்து, பென்டாகுளோரோபீனால். (சிரிப்பு) சிரிக்காதீங்க, இந்தப் பேரைச் சொல்ல ரெண்டு நாள் பழகினேன். ஒரு கிலோ தோலில் அது 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு வேண்டாம் என்றார்கள். ஜெர்மனியோ நமக்குப் பெரிய சந்தை. 1948-லிருந்து அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கைகொடுக்க, நம்ம ஆட்கள் மாற்று மருந்துக்கு மாறினாங்க. 1994-ல் சில அசோ சாயங்களுக்கும் அங்கே தடை வந்தது. அதையும் சமாளிச்சாங்க. கெட்டிக்காரங்க, நானும் கை தட்டறேன். (கைதட்டல்)

ஆனா ஒண்ணு கவனிக்கணும். ஜெர்மன்காரர் பார்த்தது தன் காலை. தோலோடு ஒட்டிக்கொண்டு என்ன வருதுன்னு மட்டும்தான் கேட்டார். தொட்டியிலிருந்து வடிந்து நம்ம மண்ணுக்குள்ள இறங்கினதை அவர் ஏன் கேட்கப்போறார்? அதைக் கேட்டது நம்ம உச்ச நீதிமன்றம், 1996 ஆகஸ்ட் 28-ல். வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று போட்ட வழக்கு. ஐந்து மாவட்டத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு இல்லையா, மூடு! அந்த ஐந்தில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் உண்டு. அதாவது குரோம்பேட்டையும் பல்லாவரமும் இருந்த மாவட்டம்.

சுத்திகரிக்கிற செலவை ஷூ விலையில் ஏத்தலாமே என்பீங்க. ஏத்தினா வாங்குறவர் வேற நாட்டுக்குப் போயிடுவார். அவங்க ஏத்தலாம், நாம ஏத்த முடியாது! 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம்ம சரக்குகள் பலவற்றின் மேல் 50 சதவீத வரி போட்டதே, ஆம்பூர், ராணிப்பேட்டையில் யாரையாவது கேட்டா போட்டாங்க?

எதிரணி நண்பர் நோட்டுப் புத்தகத்தில் டாலர் வரவு அழகா இருக்கு. கெட்டுப்போன கிணறு வரவா, செலவா? அவர் எழுந்து சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன். மணி அடிச்சுட்டாங்க. (கைதட்டல்)