பாயிரம்

பாயிரம் என்பது ஒரு நூல் எவ்வகையைச் சேர்ந்தது, யாருக்காக, என்ன பயன் கருதிச் செய்யப்பட்டது என்பவற்றைக் கற்கப் புகுவோன் முன்னதாகவே அறிந்துகொள்ளும்படி நூலின் முகப்பில் அமையும் பகுதி. முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை ஆகிய பெயர்களும் இதற்கு உண்டு. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது இலக்கணிகளின் துணிபு.

பாயிரம் பொது, சிறப்பு என இருவகைப்படும். நூலின் இயல்பையும் ஆசிரியன், மாணாக்கன் ஆகியோரின் இயல்பையும் கற்பிக்கும் முறை, கற்கும் முறை ஆகியவற்றையும் கூறுவது பொதுப்பாயிரம். சிறப்புப்பாயிரம் குறிப்பிட்ட ஒரு நூலுக்கே உரியது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் அதில் இடம்பெற வேண்டும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்ப்பாருண்டு. இவற்றுள் வகையறிய உதவுவன வழியும் யாப்புமே. முதல்நூலா, வழிநூலா, சார்புநூலா என்பதை வழி காட்டும். தொகுத்ததா, விரித்ததா, தொகைவிரியா, மொழிபெயர்த்ததா என்பதை யாப்பு காட்டும்.

தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால் சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியனின் ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ செய்வர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியருடன் ஒருங்கு பயின்றவர் என்பது உரைமரபு. அதில் வேங்கடமும் குமரியும் எல்லையாகவும், பாண்டியன் அவை அரங்கேறிய களமாகவும் கூறப்படுகின்றன.

பாயிரத்தையும் நூலையும் ஒப்பிட்டுப் படிப்பதன் பயனை நன்னூலில் காணலாம். ஐந்திலக்கணத்தையும் யாவரும் உணரும்படி செய்து தருமாறு சிற்றரசன் சீயகங்கன் கேட்க, பவணந்தி முனிவர் இயற்றினார் என்கிறது அதன் சிறப்புப்பாயிரம். இன்றுள்ள நூலிலோ எழுத்தும் சொல்லுமே உள்ளன. பொருள், யாப்பு, அணி ஆகிய ஏனைய மூன்றும் மறைந்துபோயினவா, இயற்றப்படவே இல்லையா என்பது உறுதியாகத் தெரியவில்லை. சிலப்பதிகாரப் பதிகமோ காப்பியத்தின் நோக்கத்தை மூன்று உண்மைகளாக வகுத்துத் தருகிறது: அரசியல் பிழைத்தோரை அறமே தண்டிக்கும், கற்புடையவளை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை தொடர்ந்து வந்து பயன் தரும். கதையை இம்மூன்றுக்குள் அடக்கிப் படிக்கும் வழக்கம் இதனால் வேரூன்றியது.

பாயிரம் தனி உரைக்கும் பொருளானது: 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தொல்காப்பியப் பாயிரத்துக்கும் முதற் சூத்திரத்துக்கும் மட்டுமே விரிவான விருத்தியுரை எழுதினார்.

இக்கால அச்சு நூல்களில் பாயிரம் முன்னுரை, அணிந்துரை, பதிப்புரை எனப் பிரிந்து வழங்குகிறது. புகழ்ச்சி மிகுதி, கேட்போரும் பயனும் அருகியே சொல்லப்படுகின்றன.