காரத் தொழிலின் கதை: உமரிச் சாம்பல் முதல் சோடா ஆலை வரை

அமிலத்துக்கு எதிரான பண்புகொண்ட பொருளைத் தமிழில் காரம் என்கிறோம். ஐரோப்பிய மொழிகள் அதனை 'ஆல்கலி' என்கின்றன. 'அல்-கலீ' எனும் அரபுச் சொல்லின் திரிபு அது. வறுத்தல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்த அச்சொல், உவர்நிலச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பலைக் குறித்தது. பொட்டாசியத்துக்கு வேதியியலார் இட்ட 'கே' என்ற குறியீடும் இந்தச் சொல்லின் வழி வந்ததே.

முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பைப் பேசும் மேடைகளில் அல்ஜீப்ரா, அல்கஹால், ஆல்கலி என்ற பட்டியல் தவறாமல் இடம்பெறுகிறது. பட்டியல் முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடுகிறது. அந்தச் சாம்பலை மக்கள் எதற்காக எரித்தார்கள், அத்தொழில் பின்னர் எவர் கைக்குப் போயிற்று, போன இடத்தில் என்ன விளைந்தது என்பவற்றை நாம் கேட்பதில்லை. ஒரு சொல் நம்முடையது என்று மகிழ்வதைக் காட்டிலும், அச்சொல்லுக்குப் பின்னுள்ள தொழிலின் வரலாற்றை அறிவது நமக்குப் பெரிதும் பயன்தரும்.

சாம்பலும் சுண்ணாம்பும்

நம் கடலோர உப்பங்கழிகளில் வளரும் உமரியை அறிந்தவர்களுக்கு இத்தொழிலின் தொடக்கத்தை விளக்குவது எளிது. அதனையொத்த உவர்ச்செடிகள் சிரியா, பாலஸ்தீன், ஜோர்தான் பகுதிகளின் பாலை ஓரங்களில் மிகுதியாக விளைந்தன. அவற்றை உலர்த்திக் குழிகளில் இட்டு எரித்தால், சாம்பல் உருகி இறுகிக் கல்போன்ற கட்டியாகும். மரச் சாம்பலில் பொட்டாசிய உப்பு மிகுந்திருக்கும். உவர்ச்செடியின் சாம்பலில் சோடிய உப்பு, அதாவது சலவைச் சோடா, மிகுந்திருக்கும். இந்த வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் மரச் சாம்பலால் செய்த சவுக்காரம் குழம்பாகவே நின்றது. உவர்ச்செடிச் சாம்பலால் செய்தது கெட்டிக் கட்டியாக உறைந்து, ஒட்டகத்தின் முதுகேறி நெடுந்தொலைவு செல்லும் வணிகப் பொருளாயிற்று.

பாலஸ்தீனத்தின் நாப்லஸ் நகரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஜோர்தான் ஆற்றுக்குக் கிழக்கிலிருந்து பதவீ மக்கள் சாம்பல் கட்டிகளைக் கொண்டுவந்தனர். அவற்றை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்புடன் கலந்து, தொட்டிகளில் இட்டு நீர் ஊற்றுவர். சுண்ணாம்பு சாம்பலின் சோடாவைக் கடுங்காரமாக மாற்றும். வடிந்துவரும் அக்கார நீரை, பெரும் செப்புக் கொப்பரையில் கொதிக்கும் ஒலிவ எண்ணெயில் மீண்டும் மீண்டும் சேர்த்துப் பல நாட்கள் காய்ச்சுவர். வெந்த சவுக்காரத்தை மேல்மாடத் தளத்தில் பரப்பி, அறுத்து, முத்திரையிட்டு, உட்புறம் காற்று நுழையும்படி கோபுரங்களாக அடுக்கி மாதக்கணக்கில் உலரவிடுவர். நாப்லஸ் சவுக்காரத் தயாரிப்பு மரபையும் அலெப்போவின் சவுக்காரக் கைவினையையும் 2024-இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கண்ணாடித் தொழிலுக்கும் இச்சாம்பலே உயிர்நாடி. மணலை உருக்க மிகக் கடும் வெப்பம் வேண்டும்; சோடா சேர்ந்தால் குறைந்த வெப்பத்திலேயே மணல் உருகும். வெனிஸ் நகரின் முரானோத் தீவுக் கண்ணாடி வினைஞர்கள் இடைக்காலத்தில் சிரியாவின் சாம்பலையே விரும்பி வரவழைத்தனர். ஐரோப்பா வியந்த கண்ணாடியின் ஒரு பாதி லெவான்ட் மண்ணின் செடியிலிருந்து வந்தது.

மறைபொருள் நூலின் வெளிப்படை

தொழிற்கூடங்களின் இந்த அறிவை நூலறிவாக்கியவர்களுள் முதன்மையானவர் ரய் நகரத்து அபூபக்ர் அர்-ராஸி (865–925). மருத்துவராகப் புகழ்பெற்ற அவர் 'கிதாபுல் அஸ்ரார்' எனும் நூலை எழுதினார். 'இரகசியங்களின் நூல்' என்பது பெயர். உள்ளடக்கமோ அப்பெயருக்கு நேர்மாறானது. இரசவாதிகளுக்கு வழக்கமான மறைமொழி அதில் மிகக் குறைவு. பொருள்களைத் தாவரம், விலங்கு, கனிமம் எனப் பகுத்து, கனிமங்களை ஆவியாகுபவை, உலோகங்கள், கற்கள், துத்தம் அன்னபேதி முதலியவை, வெங்காரங்கள், உப்புகள் என ஆறாக வகுக்கிறார். உலை, மூசை, வாலை, வடிகலம் ஆகிய கருவிகளைத் தனியே விவரிக்கிறார். அல்-கலீயை நீரில் கரைத்து, காய்ச்சி, வடிகட்டித் தூய்மையாக்கும் முறையும் அதில் உண்டு. அர்-ராஸியின் வேதியியலைப் பற்றி ஸ்டேபிள்டன், அஸோ, ஹிதாயத் ஹுஸைன் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வு, கல்கத்தாவில் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக 1927-இல் வந்தது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

இங்கே ஒரு நிதானம் தேவை. கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் ஜாபிர் இப்னு ஹய்யானின் கண்டுபிடிப்புகள் என்று நம் ஏடுகள் பலவும் எழுதிவந்துள்ளன. ஜாபிரின் பெயரில் உள்ள நூல்களில் பெரும்பகுதி பிற்காலக் குழுவொன்றின் ஆக்கம் என்று 1940-களில் பால் கிராவுஸ் வாதிட்டார். அமிலங்களைத் தெளிவாக விவரிக்கும் 'கெபர்' நூல்கள் 13ஆம் நூற்றாண்டு இலத்தீன் ஆக்கங்கள் என்பது இன்று ஆய்வாளர் பலரின் முடிவு. அரபு மூலங்களிலேயே இவற்றுக்கான சான்றுகள் உண்டு என்று அஹ்மத் அல்-ஹஸன் மறுத்தெழுதினார். விவாதம் முடியவில்லை. முடியாத விவாதத்தின்மீது பெருமையைக் கட்ட வேண்டிய அவசியம் நமக்கில்லை. சாம்பலும் சுண்ணாம்பும் எண்ணெயும் சேர்ந்த தொழில் ஐயத்துக்கு இடமின்றி நம் முன் நிற்கிறது.

செடியிலிருந்து உப்புக்கு

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நெசவு, கண்ணாடி, சவுக்காரத் தொழில்கள் பெருகின. செடிச் சாம்பல் போதவில்லை. பிரான்ஸ் பெரும்பாலும் ஸ்பெயினின் கடலோரச் சாம்பலை நம்பியிருந்தது. போர் மூண்டால் வரத்து நின்றுவிடும். சாதாரண உப்பிலிருந்து சோடா செய்வோருக்கு 2400 லிவர் பரிசளிப்பதாகப் பிரெஞ்சு அறிவியல் கழகம் அறிவித்தது.

ஓர்லியான்ஸ் கோமகனின் மருத்துவரான நிக்கலா லெப்லாங் (1742–1806) வழி கண்டார். உப்பைக் கந்தக அமிலத்துடன் சூடாக்கிச் சோடியம் சல்பேட் பெறுவது முதற்படி. அதனைச் சுண்ணாம்புக்கல்லுடனும் கரியுடனும் சேர்த்து உலையில் வறுத்து, விளையும் கருஞ்சாம்பலை நீரில் கரைத்துச் சோடாவைப் பிரிப்பது இரண்டாம் படி. 1791-இல் காப்புரிமை கிடைத்தது. 1793-இல் கோமகன் கொலைக்கருவிக்கு இரையானார், ஆலை பறிமுதலாயிற்று, செய்முறை ஊரறிய வெளியிடப்பட்டது. அறிவித்த பரிசு அவருக்கு வழங்கப்படவே இல்லை. வறுமையில் வாடிய லெப்லாங் 1806-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் காட்டிய வழியில் பிறர் செல்வம் குவித்தனர்.

1820-களில் லிவர்பூலிலும் பின்னர் செயின்ட் ஹெலன்ஸ் முதலிய ஊர்களிலும் இம்முறை வேரூன்றியது. 8 டன் சோடாவுக்கு ஏறத்தாழ 5.5 டன் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் 7 டன் கால்சியம் சல்பைடுக் கழிவும் உண்டாயின. ஆவி புகைபோக்கி வழியே வானேறி, மழையில் கரைந்து இறங்கியது. மரங்கள் இலையிழந்தன, வயல்கள் கருகின. கழிவு மேடுகள் அழுகிய முட்டையின் நாற்றத்தைப் பரப்பின. பாதிக்கப்பட்டோர் வழக்கு மேல் வழக்காகத் தொடுத்தனர். ஆவியை நீரில் கரைத்துப் பிடிக்கும் கோபுரத்தை வில்லியம் காஸேஜ் 1836-இலேயே வடிவமைத்திருந்தும், சட்டத்தின் கட்டாயமின்றி எல்லா ஆலைகளும் அதனை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. 1863-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய காரச் சட்டம், அவ்வாவியில் 95 விழுக்காட்டைப் பிடித்தாக வேண்டும் என்று ஆணையிட்டது. ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் எனும் வேதியியலார் அதன் முதல் ஆய்வாளரானார்.

சட்டத்தின் பின்விளைவு சிந்திக்கத்தக்கது. பிடித்த அமிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. வெல்டன், டீக்கன் ஆகியோர் அதிலிருந்து குளோரினைப் பிரித்துத் துணி வெளுக்கும் தூளுக்கு வழிசெய்தனர். நேற்றுவரை ஊரைக் கெடுத்த கழிவு இன்று விலைபோகும் சரக்காயிற்று. புதிய செய்முறையின் தாய் ஆதாயம் மட்டுமன்று; அண்டைவீட்டாரின் முறையீடும்தான்.

அண்டைவீட்டாரின் உரிமை

இந்த இடத்தில் நம் ஃபிக்ஹ் மரபு நினைவுக்கு வர வேண்டும். ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் அந்தலுஸின் துதேலாவைச் சேர்ந்த ஈஸா இப்னு மூஸா, கட்டடங்களால் அண்டையாருக்கு நேரும் தீங்கை நீக்குவது பற்றித் தனி நூலே எழுதினார். ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரின் தலைமைக் கொத்தனாராக விளங்கி, காழிக்கு வல்லுநராகப் பணியாற்றிய இப்னுர் ராமீ அதனை மேலும் விரித்தார். புகை, துர்நாற்றம், அதிர்வு ஆகிய மூன்றையும் அவர் தனித்தனியே ஆராய்கிறார். வீட்டு அடுப்பின் புகை வாழ்வின் தேவை; அதனைத் தடுக்க இயலாது. குளியலகத்தின், ரொட்டிச் சூளையின் இடையறாப் புகை அண்டைவீட்டில் நுழையுமாயின் அது தடுக்கப்பட வேண்டிய தீங்கு. முன்பே இருந்த தீங்குக்கும் புதிதாக ஏற்படுத்தப்பட்டதற்கும் தீர்ப்பு வேறு. கடைத்தெருவில் முஹ்தஸிபின் கண்காணிப்பும் இருந்தது.

இதனால் நம் நகரங்கள் மாசற்று விளங்கின என்று கூறிவிட முடியாது. தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றம் அங்கும் இருந்தது. எத்தனை விழுக்காடு என்று அளந்து வரையறுக்கும் முறை 1863-இன் சட்டம் தந்த புதுமை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தொழில் செய்பவனின் உரிமை அண்டைவீட்டான் மூச்சுவிடும் இடத்தில் எல்லை காண்கிறது என்ற நெறியை நம் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கு வழக்காக ஆராய்ந்திருந்தனர். 'ஆல்கலி' என்ற சொல் உலகெங்கும் பயணம் செய்தது. அச்சொல்லோடு இந்நெறி பயணம் செய்யவில்லை.

பூட்டிய அறையும் திறந்த நூலும்

பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே 1861-இல் வேறொரு வழியைக் காப்புரிமையாக்கினார். உப்புநீரில் அமோனியாவையும் கரியமில வாயுவையும் செலுத்தினால் ஆப்பச் சோடா படிகிறது. அதனைச் சூடாக்கினால் சலவைச் சோடா கிடைக்கிறது. அமோனியாவைச் சுண்ணாம்பின் துணையால் மீட்டு மீண்டும் பயன்படுத்தலாம். கந்தக அமிலமும் நாறும் கழிவு மேடும் தேவையில்லை. எஞ்சுவது கால்சியம் குளோரைடு நீர். 1920-களில் லெப்லாங் முறை மறைந்தது. சால்வே முறையின் நுட்பங்களோ உரிமம் பெற்ற ஆலைகளின் சுவருக்குள் பூட்டப்பட்டிருந்தன.

அப்பூட்டைத் திறந்தவர் சீனாவின் ஹௌ தெபாங் (1890–1974). அமெரிக்காவில் பயின்று திரும்பிய அவர், தியான்ஜின் அருகே யோங்லீ ஆலையில் பல தோல்விகளுக்குப் பின் சோடா செய்து காட்டினார். 1926-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அது தங்கப் பதக்கம் பெற்றது. அறிந்ததைத் தாமும் பூட்டிவைக்காமல் 1933-இல் நூலாக வெளியிட்டார். பெயரில் இரகசியம் தாங்கியும் செய்முறையை வெளிப்படையாக எழுதிய அர்-ராஸியின் மரபுக்கு இவரும் உரியவர் என்று சொல்லத் தோன்றுகிறது. ஜப்பானியப் படையெடுப்பால் சிச்சுவானுக்குப் பெயர்ந்தபோது, அங்கே உப்பு விலையேறிய பொருளாயிருந்தது. உப்பின் ஒரு பகுதியை வீணாக்கும் சால்வே முறை கட்டுப்படியாகவில்லை. 1940-களில் அவர் அமைத்த முறையில் சோடாவும் அமோனியம் குளோரைடு உரமும் ஒருங்கே கிடைத்தன.

சோடாவையும் அவ்வுரத்தையும் சேர்த்துத் தயாரிக்கும் வகையில் தமிழகக் கடலோரத்திலும் ஓர் ஆலை எழுந்தது: தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ். நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா தயாரிப்பில் செலுத்தும் அமைப்பு 2016-இல் அங்கே நிறுவப்பட்டது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிப்பது அதன் திட்ட அளவு. புவியின் மொத்தப் புகைக்கு முன் இது துளியே. ஆயினும் புகையை வானில் விடாமல் சரக்காக மாற்றும் முயற்சி, உமரி வளரும் கரையிலேயே நடந்தது கருதத்தக்கது.

இன்று நம் சமுதாய இளைஞர்கள் பலர் வேதியியலும் பொறியியலும் பயில்கின்றனர்; வளைகுடா நாடுகளின் ஆலைகளில் பணிபுரிகின்றனர். மத்ரஸாக்களில் ஃபிக்ஹ் பயில்வோர் வேறொரு வரிசையில் நிற்கின்றனர். ஆலையின் புகையளவை அறிந்தவருக்கு இப்னுர் ராமீயைத் தெரியாது. இப்னுர் ராமீயை ஓதியவருக்குப் புகையளவு தெரியாது. துனிஸின் அந்தக் கொத்தனாரிடம் இவ்விரண்டு அறிவும் சேர்ந்தே இருந்தன. அதனால்தான் காழி அவரை அழைத்துக் கருத்துக் கேட்டார். அத்தகைய ஒருவரை உருவாக்கும் பாடத்திட்டம் நம் கல்லூரிகளிலும் மத்ரஸாக்களிலும் இன்னும் இடம்பெறவில்லை. முதலில் கண்டவர் யார் என்ற விவாதத்துக்குச் செலவிடும் காலத்தில் ஒரு பகுதியையாவது அதற்கு ஒதுக்குவது நல்லது.