கார்சியா த ஓர்த்தா

கார்சியா த ஓர்த்தா (சு. 1501–1568) போர்த்துக்கீசிய மருத்துவர். யூதக் குடும்பத்தில் பிறந்து, ஊருக்குக் கிறிஸ்தவராக வாழ்ந்து, வாழ்நாளின் கடைசி 34 ஆண்டுகளைக் கோவாவில் கழித்தவர். இந்திய மருந்துச் சரக்குகளை நேரில் பார்த்து, விசாரித்து, ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதப்பட்ட முதல் பெரிய நூல் இவருடையது. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியிலும் நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்திலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் இன்று கைமாறும் பொருள்கள் பலவற்றுக்கு அதில் தனித்தனி அத்தியாயமே உண்டு.

இவருடைய கதை இவர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1492இல் ஸ்பெயினின் அரசர் பெர்டினாண்டும் அரசி இசபெல்லாவும், யூதர்கள் ஞானஸ்நானம் பெற வேண்டும் அல்லது நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார்கள். ஓர்த்தாவின் பெற்றோர் எல்லையைக் கடந்து போர்த்துக்கல்லின் காஸ்டெலோ த வீத என்ற மலையூரில் குடியேறினார்கள். நிம்மதி ஐந்தாண்டுகூட நீடிக்கவில்லை. ஸ்பெயின் இளவரசியை மணக்க விரும்பிய போர்த்துக்கல் மன்னர் மனுவேல், பெண் வீட்டாரின் நிபந்தனைக்கு இணங்கி 1496 டிசம்பரில் அதே போன்ற ஆணையைப் பிறப்பித்தார். ஆனால் யூத வணிகர்களையும் மருத்துவர்களையும் இழக்க அவருக்கு மனமில்லை. எனவே 1497இல் வெளியேறும் வழியை அடைத்துவிட்டு, எல்லோரையும் கட்டாயமாக மதம் மாற்றினார். இப்படி மாறியவர்களுக்குப் ‘புதிய கிறிஸ்தவர்கள்’ என்று பெயர். எத்தனை தலைமுறை சென்றாலும் அந்தப் ‘புதிய’ அவர்களை விட்டு நீங்கவில்லை. 1506இல் லிஸ்பன் தெருக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது ஓர்த்தா சிறுவர்.

சலமாங்காவிலும் அல்கலாவிலும் மருத்துவம் படித்து 1523 வாக்கில் ஊர் திரும்பினார். 1526இல் தொழில் செய்ய உரிமம் கிடைத்தது. பின்னர் லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். இதற்குள், மறைவாக யூத மதத்தைப் பின்பற்றுபவர்களைத் தேடித் தண்டிக்கும் மதவிசாரணை மன்றத்தைக் கொண்டுவரும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. 1532இல் புதிய கிறிஸ்தவர்கள் அனுமதியின்றி நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று சட்டம் வந்தது. பெரிய மனிதர் ஒருவரின் பரிவாரத்தில் சேர்ந்து கப்பல் ஏறுவதே பத்திரமான வழி. மார்த்தீம் அஃபோன்சோ த சோசா என்ற கடற்படைத் தலைவரின் சொந்த மருத்துவராக 1534 மார்ச்சில் புறப்பட்ட ஓர்த்தா, செப்டம்பரில் கோவா வந்து இறங்கினார். அவர் கிளம்பிய இரண்டே ஆண்டில் போர்த்துக்கல்லில் விசாரணை மன்றம் அமைந்தது. மீண்டும் ஐரோப்பாவுக்கு அவர் போகவேயில்லை.

முதல் நான்கு ஆண்டுகள் தலைவரோடு போர்க்களங்களில் கழிந்தன. 1538இல் அந்தத் தலைவர் இராமேசுவரத்துக்கு அருகே வேதாளையில் கோழிக்கோட்டுக் கடற்படையைத் தோற்கடித்தார். ஓர்த்தா தமிழ்நாட்டுக் கரையைப் பார்த்திருந்தால் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். பிறகு கோவாவில் நிலையாக அமர்ந்து மருத்துவம், ரத்தினக்கல் வணிகம், மூலிகைத் தோட்டம் என்று மூன்றையும் நடத்தினார். அகமதுநகர் சுல்தான் புர்ஹான் நிஜாம் ஷா அவருடைய நோயாளி, நண்பரும்கூட. பின்னாளில் பம்பாய்த் தீவே அவருக்குக் குத்தகைக்குக் கிடைத்தது. அங்கே தம் தோட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கும் மாமரம் ஒன்று இருப்பதாக அவர் பெருமையோடு எழுதியிருக்கிறார்.

‘இந்தியாவின் மூலிகைகள், மருந்துகள் பற்றிய உரையாடல்கள்’ என்ற அவருடைய நூல் 1563 ஏப்ரலில் கோவாவில் அச்சானது. அச்சிட்டவர் ஜொவாம் த எந்தேம். அதே மேற்குக் கரையில், கொல்லத்தில், தமிழ் எழுத்துகளில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேற இன்னும் 15 ஆண்டு இருந்தது. ஓர்த்தாவின் நூலில் எழுத்துப்பிழை மலிந்துகிடந்ததால் பிழைத்திருத்தமே 20 பக்கம் ஓடியது. ஐரோப்பாவில் இன்னும் பெயர் பெறாத கவிஞர் கமோயன்ஸ் எழுதிய வாழ்த்துப்பா நூலின் முன்பக்கங்களில் இருக்கிறது. அவருடைய கவிதைகளில் முதலில் அச்சேறியது அதுதான்.

நூலில் பேசுபவர்கள் முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் ஓர்த்தா. மற்றவர் ஸ்பெயினிலிருந்து புதிதாக வந்த ருவானோ என்ற கற்பனை மருத்துவர். ருவானோ பழைய கிரேக்க மருத்துவர்களின் ஏட்டைப் புரட்டி, கேலன் இப்படிச் சொல்கிறாரே, டயாஸ்கோரிடிஸ் அப்படிச் சொல்கிறாரே என்று கேட்கிறார். ஓர்த்தாவோ, நான் கண்ணால் பார்த்தது வேறு என்கிறார். ஸ்பெயினில் இருந்திருந்தால் கேலனுக்கு எதிராக வாய் திறந்திருக்க மாட்டேன் என்றும் ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். இடையிடையே அந்தோனியா என்ற அடிமைப் பெண் செடியும் கிளையும் கொண்டுவந்து காட்டுகிறாள். மாலுபா என்ற கோவா வைத்தியர் வந்து தம் கைமுறையைச் சொல்கிறார். நூலின் அறிவில் கணிசமான பங்கு இந்த வைத்தியர்களுடையதும் ஹக்கீம்களுடையதும். அட்டையில் இருப்பதோ ஓர்த்தாவின் பெயர் மட்டும்.

சரக்குகளுக்கு வருவோம். மஞ்சளைக் கறிக்கும் சாயத்துக்கும் பயன்படுவது என்றும், கண்நோய்க்கும் சொறிக்கும் வைத்தியர்கள் கொடுப்பது என்றும் பதிவு செய்கிறார். நொச்சி இலையை அரைத்து வீக்கத்துக்கும் அடிபட்ட வலிக்கும் வைத்துக் கட்டுவதைப் பார்த்து வியக்கிறார். சளிக்கும் தலைவலிக்கும் நொச்சி ஆவி பிடிக்கும் நம் பக்கத்து வீடுகளில் இதற்கு வியப்பே எழாது. வேப்பிலை குதிரையின் முதுகுப்புண்ணை ஆற்றியது அவர் நேரில் கண்டது. பயணிகளின் உணவில் ஊமத்தையைக் கலந்து மயங்க வைத்துக் கொள்ளையடிக்கும் திருடர்களைப் பற்றி ஓர் அத்தியாயம். உடனே வாந்தி எடுக்க வைப்பதே அதற்கு அவர் செய்த மாற்று. திப்பிலியும் மிளகும் ஒரே மரத்தின் காய்கள் என்று ஐரோப்பிய ஏடுகள் சொன்னதை மறுத்தது சரி. ஆனால் கருமிளகும் வெண்மிளகும் வேறு வேறு கொடிகளில் காய்க்கின்றன என்று எழுதியது தவறு. கொல்லிமலையில் மிளகு பயிரிடும் எவரும் திருத்திவிடுவார்கள். வைரப்பொடி விஷம் என்ற பழைய நம்பிக்கையை, வணிகர் என்ற முறையில் தெரிந்ததைக் கொண்டே உடைத்தார். எல்லாவற்றிலும் மேலானது வாந்திபேதி பற்றிய அத்தியாயம். நாடி தாழ்வது, உடல் சில்லிட்டு வியர்ப்பது, கண் குழிவது, தசை இழுப்பது, ஒரே நாளில் உயிர் போவது என்று காலராவை இவ்வளவு துல்லியமாக அதற்கு முன் எந்த ஐரோப்பியரும் எழுதியதில்லை.

அந்தப் பெரிய நூலில் எங்குமே ஓர்த்தா தம்மை யூதர் என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஊராகவும் கோவா இல்லை. 1543இல் ஜெரோனிமோ தியாஸ் என்ற புதிய கிறிஸ்தவ மருத்துவர் அங்கே கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். அப்போது கோவாவின் ஆளுநராக இருந்தவர் வேறு யாருமல்ல, ஓர்த்தாவின் புரவலரான சோசாவேதான். 1546இல் பிரான்சிஸ் சேவியர் கோவாவுக்கு விசாரணை மன்றம் வேண்டும் என்று மன்னருக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு லிஸ்பனில் ஓர்த்தாவின் சகோதரிகள் கைதானார்கள். விடுதலையானதும் 1549இல் அண்ணனிடமே வந்து சேர்ந்தார்கள். 1560இல் மன்றம் கோவாவுக்கே வந்தது. ஆளுநர்களுக்கும் அரசப் பிரதிநிதிகளுக்கும் நாடி பிடித்த மருத்துவரை உயிரோடு இருந்தவரை யாரும் தொடவில்லை.

1568இல் அவர் இறந்தார். கொச்சி அரசரின் நிழலில், மட்டாஞ்சேரியில், பரதேசி யூதர்கள் வெளிப்படையாகத் தொழுகைக் கூடம் எழுப்பியதும் அதே ஆண்டில்தான். கோவாவில் ஓர்த்தாவின் சகோதரி கத்தரீனா அந்த அக்டோபரிலேயே கைதானார். 1569 அக்டோபர் 25 அன்று உயிரோடு எரிக்கப்பட்டார். கத்தரீனாவின் கணவர் மன்றத்திடம் கொடுத்த வாக்குமூலத்தில், மோசேயின் சட்டமே உண்மையானது என்று ஓர்த்தா நம்பியதாகச் சொல்லியிருந்தார். 1580 டிசம்பர் 4 அன்று ஓர்த்தாவின் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

நூலின் வாழ்வு வேறு. குளூசியஸ் என்ற தாவரவியலாளர் லிஸ்பனில் ஒரு பிரதியைக் கண்டெடுத்து, உரையாடல்களை உதறிவிட்டு, லத்தீன் சுருக்கமாக 1567இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்டார். ஐரோப்பா படித்தது பெரும்பாலும் அதைத்தான். 1578இல் கிறிஸ்தோபல் அகோஸ்தா ஸ்பானிய மொழியில் படங்களோடு எழுதிய நூலும் இதையே பெரிதும் சார்ந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1913இல் வந்தது. மொழிபெயர்த்தவர் கிளெமெண்ட்ஸ் மார்க்கம். 1886இல் விரிவான வாழ்க்கை வரலாறு எழுதிய பிகால்யோ பிரபுவுக்கு விசாரணை மன்றக் கதை தெரியாது. 1934இல் சில்வா கார்வால்யோ ஆவணங்களை வெளியிட்ட பிறகே இந்த மருத்துவர் யார் என்பது தெளிவாயிற்று.

கோவா விசாரணை மன்றம் 1812இல் ஒழிந்தது. பணஜியின் நகராட்சிப் பூங்காவும் போர்த்துக்கல்லின் அல்மாடா நகர மருத்துவமனையும் இன்று ஓர்த்தாவின் பெயரில் உள்ளன. போர்த்துக்கல்லின் 1971ஆம் ஆண்டு 20 எஸ்குடோ பணத்தாளில் அவர் படம் அச்சாகியிருந்தது.